சின்ன சி.என்.சி. லேத், லைவ் டூலிங்குடன்: ஜாப் ஒர்க் கடைக்கு எதைப் பார்த்து வாங்குவது?

#1 பட்டறைப்பையன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு அச்சு சி.என்.சி. லேத் ஒன்றும் சின்ன வி.எம்.சி. (செங்குத்து மில்லிங் மெஷின்) ஒன்றும் ஓடுகின்றன. வருகிற வேலையெல்லாம் 5 பீஸ், 20 பீஸ், எப்போதாவது 200 பீஸ். விட்டம் பெரும்பாலும் 50 மி.மீ.க்குள்தான். லேத்தில் டர்னிங் முடித்து, அதே பீஸை வி.எம்.சி.யில் திரும்பப் பிடித்து, குறுக்கு ஓட்டை, கீவே (கீ உட்காருகிற காடி), முகத்தில் நாலு டேப் (உள்மரை) என்று போட்டு முடிக்கிறோம். அந்த இரண்டாவது பிடிப்பில்தான் என் நாள் போகிறது. ரிஜெக்‌ஷனும் அங்கேதான் வருகிறது.

இதை ஒரே பிடிப்பில் முடிக்க லைவ் டூலிங் (டூலே சுற்றி ஓட்டையும் காடியும் போடுகிற வசதி) உள்ள சின்ன லேத் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இடம் குறைவு. கையில் மூன்று கொட்டேஷன் இருக்கிறது, மூன்றுமே 51 மி.மீ. பார் போகிற மெஷின்.

ஒன்று: சி அச்சு (ஸ்பிண்டிலைக் கோணம் வைத்துத் திருப்பி நிறுத்துவது) மட்டும், 12 ஸ்டேஷன் டரட் (டூல்கள் மாட்டிச் சுற்றுகிற தலை), வி.டி.ஐ. 30 ஹோல்டர் பிடிப்பு.
இரண்டு: சி அச்சு, ஒய் அச்சு (டூல் மையத்தை விட்டுக் குறுக்கே நகர்வது), 12 ஸ்டேஷன், பி.எம்.டி. 45 ஹோல்டர் பிடிப்பு.
மூன்று: சி அச்சு, சப் ஸ்பிண்டில் (பீஸின் மறுமுனையைப் பிடிக்கிற இரண்டாவது ஸ்பிண்டில்), ஒய் கிடையாது.

முதலாவது மலிவு. மற்ற இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய_டர்னர்

தம்பி, கொட்டேஷனை மடித்து வை. போன ஒரு வருடத்து டிராயிங் எல்லாவற்றையும் எடு. ஒவ்வொன்றிலும் இவற்றை மட்டும் எண்ணு: அச்சு மையத்தில் விழுகிற குறுக்கு ஓட்டை எத்தனை, மையம் தள்ளி விழுகிற ஓட்டை எத்தனை, டாலரன்ஸ் போட்ட கீவே எத்தனை, பின்பக்கத்தில் வெறும் ஃபேசிங்குக்கு மேல் வேலை உள்ளது எத்தனை. எண்ணிவிட்டு வா, அப்புறம் மெஷினைப் பேசலாம்.

கேட்லாக்கைப் பார்த்து மெஷின் வாங்கி, அதற்கு வேலை தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

#3 கேம்_ராணி

பழைய டர்னர் அண்ணா சொன்ன பட்டியலில் மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒய் வேண்டுமா வேண்டாமா என்பது பல கடைகளில் அந்த ஒரு கீவேயில்தான் முடிவாகும்.

35 மி.மீ. ஷாஃப்ட், 10 மி.மீ. கீவே, ஆழம் 5 மி.மீ., அகலத்துக்கு என்9 டாலரன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்9 என்றால் 10.000-க்கும் 9.964-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒய் இல்லாத மெஷினில் 10 மி.மீ. எண்ட் மில்லை நேராக இறக்கி இசட்டில் (ஷாஃப்ட்டின் நீளவாக்கில்) ஓட்டுவதுதான் வழி. ரன்அவுட் (கட்டர் மையம் விலகிச் சுற்றுவது) கொஞ்சம் இருந்தாலே அகலம் 10.02, 10.03 என்று வந்துவிடும். ஒரு சுவரில் கிளைம்ப் (ஓட்டத்தோடு போகிற வெட்டு), மறு சுவரில் எதிர் வெட்டு என்பதால் கட்டர் ஒரு பக்கமாக வளையும், கீவே மையத்தை விட்டு நகரும். அளவு குறைத்துத் தீட்டிய கட்டர் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு அகலத்துக்கும் ஒரு கட்டர் வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்ய முடியாது.

"8 மி.மீ. கட்டர் போட்டு, சி அச்சைக் கொஞ்சம் திருப்பிச் சுவரை எடுக்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரம் 17.5-இல் 1 மி.மீ. நகர 3.3 டிகிரி திருப்ப வேண்டும். சுவரும் அதே 3.3 டிகிரி சாய்ந்துவிடும். 5 மி.மீ. ஆழத்தில் ஒரு சுவருக்கு 0.29 மி.மீ. சாய்வு. மேலே அகலம், கீழே குறுகல். அதில் கீ உட்காராது.

ஒய் இருந்தால் 8 மி.மீ. கட்டரால் நடுவில் ஒரு தடவை, பிறகு ஒய்யில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 1 மி.மீ. தள்ளி ஃபினிஷ். அளவு பெரிதானாலும் சிறிதானாலும் கட்டர் ஆஃப்செட்டில் சரி செய்யலாம். சுவர் இரண்டும் இணையாக நிற்கும்.

#4 இரட்டைச்சுழல்

நான் மாற்றுக் கருத்து. எங்கள் கடையில் சப் ஸ்பிண்டில் மெஷின் ஆறு வருடமாக ஓடுகிறது. பாரை உள்ளே விட்டால் இரண்டு பக்கமும் முடிந்த பீஸ் வெளியே வருகிறது. பின்பக்கத்து ஓட்டை, சேம்ஃபர், பார்ட்டிங் விட்டுப்போகிற அந்தச் சின்ன மொட்டு எல்லாம் தானாகப் போய்விடும். இரவில் ஆள் இல்லாமல் நாலு மணி நேரம் ஓட்டுகிறோம். கீவேக்காக ஒய் வாங்கிவிட்டு, பின்பக்கம் ஃபேசிங் செய்ய ஒரு ஆளை நிறுத்தி வைப்பது சரியான கணக்காக எனக்குத் தெரியவில்லை. ஒரே பிடிப்பு என்று சொல்லிவிட்டு இரண்டாவது பிடிப்புக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

#5 பழைய_டர்னர்

இரட்டைச்சுழல் சார், உங்கள் லாட் அளவு என்ன?

#6 இரட்டைச்சுழல்

குறைந்தது 300. சில பீஸ் மாதா மாதம் 2,000.

#7 பழைய_டர்னர்

அதுதான் வித்தியாசம். உங்கள் கடைக்கு உங்கள் மெஷின் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தம்பி கடையில் 20 பீஸ். சப் ஸ்பிண்டில் என்றால் அங்கேயும் பீஸைப் பிடிக்க ஒரு காலெட் அல்லது சாஃப்ட் ஜா (பீஸுக்கு ஏற்பக் கடைந்துகொள்கிற மென்மையான தாடை). ஜாவை அந்தப் பீஸுக்கு போரிங் செய்ய வேண்டும். பீஸை வாங்குகிற நீளம், தள்ளுகிற அழுத்தம், இரண்டு ஸ்பிண்டிலும் ஒரே வேகத்தில் சுற்றும்போது பார்ட்டிங், பின்பக்க டூல்களுக்குத் தனி ஆஃப்செட். பழகிய கை என்றாலும் இதற்கு நேரம் போகும். 300 பீஸில் அந்த நேரம் கரைந்துவிடும். 20 பீஸில் ஒவ்வொரு பீஸின் தலையிலும் ஏறி உட்காரும். அதே 20 பீஸைச் சாஃப்ட் ஜாவில் திருப்பிப் பிடித்துப் பின்பக்கம் ஃபேசிங் செய்ய, பழைய இரண்டு அச்சு லேத் போதும். அது தம்பியிடம் ஏற்கனவே இருக்கிறது.

ஜாப் ஒர்க் கடையில் மெஷின் வெட்டுகிற நேரம் பெரிய விஷயமே இல்லை. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலையின் முதல் பீஸ் ஓகே ஆகும் வரை போகிற நேரம்தான் காசு. மெஷினை அந்தக் கண்ணோடு பார். டரட்டில் எத்தனை டூலை நிரந்தரமாக விட்டுவிடலாம், எத்தனையைக் கழற்றி மாட்ட வேண்டும், கழற்றினால் திரும்ப டயல் (நேராக இருக்கிறதா என்று அளக்கிற கருவி) வைக்க வேண்டுமா? இந்தக் கேள்விகளை விற்க வருகிறவரிடம் கேள்.

#8 கத்துக்குட்டி_லேத்

கேங் டைப் மெஷினில் லைவ் ஸ்பிண்டில் வருகிறதே, அது இன்னும் சின்னதாக இருக்கிறது. அதைப் பார்க்கலாமா?

#9 கேம்_ராணி

25, 30 மி.மீ.க்குள் குட்டையான பீஸ் என்றால் தாராளமாகப் பார்க்கலாம். டரட் சுற்றுகிற நேரமே கிடையாது, அச்சு நகர்ந்தால் அடுத்த டூல் வந்துவிடும். ஆனால் டூல் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் விட்டம் ஏறினாலோ நீளம் ஏறினாலோ ஒன்றை ஒன்று இடிக்கும். 5 மி.மீ. பின்னும் 50 மி.மீ. ஃப்ளாஞ்சும் மாறி மாறி வருகிற பட்டறைப்பையன் கடைக்கு டரட்தான் ஒத்துவரும்.

#10 பட்டறைப்பையன்

எண்ணிவிட்டேன். மூன்று நாள் ஆனது. மொத்தம் 84 டிராயிங். லேத் வேலைக்குப் பிறகு மில்லிங் கேட்டவை 61. அதில்:

மையத்தில் விழுகிற குறுக்கு ஓட்டை அல்லது டேப் – 31
கீவே – 22, அதில் 17-க்கு என்9 அல்லது பி9 டாலரன்ஸ்
மையம் தள்ளிய ஓட்டை, ஒரு பக்கம் மட்டும் ஃப்ளாட் – 13
பின்பக்கத்தில் ஃபேசிங், சேம்ஃபருக்கு மேல் வேலை – 14

சில டிராயிங் இரண்டு வரிசையிலும் வரும். 14-இல் 200 பீஸ் தாண்டியவை இரண்டே இரண்டு. கீவே இவ்வளவு இருக்கும் என்று எண்ணும் வரை எனக்கே தெரியாது. குறுக்கு ஓட்டைதான் அதிகம் என்று நினைத்து முதல் மெஷினுக்கு ஏறக்குறைய முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

#11 சர்வீஸ்_கை

நல்ல வேலை செய்தீர்கள். பல மெஷின்களைத் திறந்து மூடியவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்கிறேன். கேட்லாக்கில் இவை சின்ன எழுத்தில் இருக்கும்.

முதலில் டார்க், அதாவது முறுக்கு விசை. லைவ் டூல் மோட்டார் 3.7 கிலோவாட், 6,000 சுற்று என்று போட்டிருப்பார்கள். அந்த 3.7 எந்தச் சுற்றில் கிடைக்கிறது, தொடர்ந்து கிடைக்கிறதா, 15 நிமிடத்துக்கு மட்டுமா என்று பாருங்கள். டார்க் என்பது 9,550-ஐக் கிலோவாட்டால் பெருக்கிச் சுற்றால் வகுத்தால் வருவது. 3.7 கிலோவாட் 3,000 சுற்றில் கிடைத்தால் 11.8 நியூட்டன் மீட்டர். அதற்குக் கீழே சுற்றைக் குறைத்தாலும் டார்க் அதே அளவில்தான் நிற்கும், கூடாது.

டேப்புக்கு எவ்வளவு வேண்டும்? பிட்ச்சை அதே பிட்ச்சால் பெருக்கி, விட்டத்தாலும் உலோகத்தின் வெட்டு எதிர்ப்பாலும் பெருக்கி, 8,000-ஆல் வகுங்கள். நடுத்தர கார்பன் ஸ்டீலுக்கு எதிர்ப்பைச் சுமார் 2,500 என்று வைத்தால் எம்10-க்கு 7, எம்12-க்கு 11.5, எம்16-க்கு 20. இது புது டேப்புக்கு. முனை மழுங்கினால் இன்னும் ஏறும். ஆக, அந்த மோட்டாரில் எம்10 நிம்மதியாகப் போகும், எம்12 விளிம்பில் நிற்கும், எம்16-ஐ த்ரெட் மில்லால்தான் (மரையைச் சுற்றி வந்து வெட்டுகிற கட்டர்) எடுக்க வேண்டும். உங்கள் டிராயிங்கில் பெரிய டேப் எது என்று பாருங்கள்.

மறுபக்கம் வேகம். அலுமினியத்தில் 2 மி.மீ. ட்ரில்லை 4,000 சுற்றில் ஓட்டினால் வெட்டு வேகம் 25 மீட்டர்தான். வேலை நடக்கும், மெதுவாக நடக்கும். சின்ன கட்டர் வேலை அதிகம் என்றால் 6,000 சுற்று கேளுங்கள்.

அடுத்து ஹோல்டர் பிடிப்பு. வி.டி.ஐ. என்பது பல் வெட்டிய வட்டத் தண்டு, ஒரே ஸ்க்ரூவில் மாற்றிவிடலாம், வேகம். ஆனால் ரேடியல் (அச்சுக்குக் குறுக்கே பார்க்கிற) லைவ் ஹோல்டரை மாட்டும்போது அது நேராக நிற்கிறதா என்று டயல் வைத்துப் பார்க்க வேண்டும். பி.எம்.டி. டரட் முகத்தில் கீ வைத்து நாலு போல்ட்டில் உட்காரும். கழற்றி மாட்ட நேரம் கொஞ்சம் கூட, ஆனால் திரும்ப அதே இடத்தில் உட்காரும், மில்லிங்கில் அதிர்வும் குறைவு. கீவே வேலை இவ்வளவு இருக்கிற கடைக்கு நான் பி.எம்.டி. சொல்வேன்.

ஈ.ஆர். 20 காலெட் 13 மி.மீ. வரை பிடிக்கும், ஈ.ஆர். 25 என்றால் 16, ஈ.ஆர். 32 என்றால் 20. சின்ன டரட்டில் பெரிய ஹோல்டர் மாட்டினால் பக்கத்து ஸ்டேஷனை இடிக்கும். இடிப்பு வரைபடம் என்று ஒரு தாள் ஒவ்வொரு மெஷினுக்கும் உண்டு. அதை வாங்கி, உங்கள் பெரிய பீஸை அதே அளவில் வரைந்து, நீளமான ட்ரில் ஒன்றை அடுத்த ஸ்டேஷனில் வைத்துப் பாருங்கள். "12 ஸ்டேஷன்" என்று எழுதியிருக்கும், உண்மையில் 8 தான் நிரப்ப முடியும். 12-லும் லைவ் டூல் மாட்டலாமா, ஒன்று விட்டு ஒன்றிலா என்பதையும் கேளுங்கள்.

#12 இரட்டைச்சுழல்

84 டிராயிங்கில் இரண்டு மட்டும் என்றால் நான் என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். உங்களுக்கு ஒய்தான். ஒன்று மட்டும் பாருங்கள்: சின்ன மெஷின்களில் பல ஒய் அச்சுகள் நேரானவை அல்ல. சாய்வான ஒரு ஸ்லைடும் எக்ஸும் (டூல் பீஸின் மையத்தை நோக்கிப் போய் வருகிற அச்சு) சேர்ந்து நகர்ந்து ஒய் அசைவை உண்டாக்கும். தவறு என்று சொல்லவில்லை, நன்றாகவே ஓடும். ஆனால் எக்ஸில் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) வந்தால் அது ஒய்யிலும் தெரியும். சில மாடல்களில் எக்ஸ் நிற்கிற இடத்தைப் பொறுத்து ஒய் ஓட்டம் குறையும். ± 40 என்று போட்டிருந்தால் எந்த எக்ஸில் என்று கேளுங்கள்.

#13 கேம்_ராணி

கண்ட்ரோல் பக்கமும் ஒரு வார்த்தை. மெஷினில் சி அச்சு இருக்கிறது என்பதாலேயே எல்லாம் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். ஃபானுக் கண்ட்ரோலில் சி-யும் எக்ஸும் சேர்ந்து நகர்ந்து முகத்தில் வடிவம் வெட்டுகிற போலார் இண்டர்போலேஷன் ஜி12.1, சிலிண்டரைச் சுற்றி வெட்டுகிற ஜி07.1, லைவ் டூலில் ரிஜிட் டேப்பிங் (சுழற்சியும் இறக்கமும் ஒத்து ஓடுவது), பாலிகன் டர்னிங் ஜி51.2 எல்லாம் விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்கலாம். கொட்டேஷனில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மெஷின் வந்து இறங்கிய பிறகு கேட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

கேம் மென்பொருள் போடுகிற வெட்டுப் பாதையை மெஷினுக்கான கோடாக மாற்றுகிற போஸ்ட் ப்ராசஸரை மறக்காதீர்கள். சி அச்சைச் சேர்ப்பது, விடுவிப்பது, பிரேக் போடுவது, லைவ் டூலைச் சுற்றவிடுவது, எல்லாவற்றுக்கும் எம் கோடு ஒவ்வொரு மெஷின் தயாரிப்பாளருக்கும் வேறு. உங்கள் கேம் மென்பொருளில் இந்த மாடலுக்கு ஓடுகிற போஸ்ட் இருக்கிறதா, யார் எழுதித் தருவார்கள், தவறு வந்தால் யார் திருத்துவார்கள் என்பது முன்பணத்துக்கு முன்னால் முடிய வேண்டிய பேச்சு. எங்கள் கடையில் மெஷின் வந்து ஐந்து வாரம் கீவேயைக் கையால் ப்ரோக்ராம் எழுதித்தான் ஓட்டினோம். போஸ்ட் பிரேக்கைப் போடாமலே ட்ரில்லை இறக்கியது. ஓட்டை ஒவ்வொன்றும் வாய் பக்கம் முட்டை வடிவில் வந்தது. டேபிளில் அந்த முப்பது பீஸையும் வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

#14 கத்துக்குட்டி_லேத்

பாலிகன் டர்னிங் என்றால் ஹெக்ஸ் எடுப்பதா?

#15 கேம்_ராணி

ஆமாம். பீஸும் கட்டரும் ஒரு விகிதத்தில் சேர்ந்து சுற்றும். கட்டர் இரண்டு மடங்கு வேகத்தில், மூன்று இன்சர்ட்டோடு சுற்றினால் ஆறு பக்கம் விழும், இரண்டு இன்சர்ட் என்றால் நாலு பக்கம். ரொம்ப வேகம். ஆனால் பக்கம் துல்லியமான தட்டையாக இருக்காது, லேசான வளைவு இருக்கும். ஸ்பானர் பிடிக்கிற இடத்துக்குப் போதும். தட்டையாகவே வேண்டும் என்றால் மில்லிங்தான்.

#16 பட்டறைப்பையன்

இரண்டாவது மெஷினின் டெமோ போய்வந்தேன். பழைய டர்னர் அண்ணா தனிச்செய்தியில் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார், அதை அப்படியே செய்தேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

40 மி.மீ. பாரில் முகத்தை ஃபேசிங் செய்து, அச்சுக்கு நேராகப் பிடித்த லைவ் ஹோல்டரில் 6 மி.மீ. எண்ட் மில். ஒய் பூஜ்யம். சி-யைப் பூஜ்யத்தில் நிறுத்தி, வெளி விளிம்பிலிருந்து மையம் வரை 1 மி.மீ. ஆழத்தில் ஒரு காடி. பிறகு சி-யை 180 திருப்பி, மறு விளிம்பிலிருந்து மையம் வரை இன்னொரு காடி. கட்டர் சரியாக மையத்தில் இருந்தால் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் சேர வேண்டும். தள்ளி இருந்தால் நடுவில் ஒரு படி விழும், அந்தப் படி உண்மையான விலகலைப்போல் இரண்டு மடங்கு.

காலையில் குளிர்ந்த மெஷினில் போட்டபோது நகத்தை வைத்து இழுத்தேன், ஒன்றும் தட்டவில்லை. டயலில் 0.01. இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டச் சொல்லிவிட்டு அதையே மறுபடி போட்டோம். இந்தத் தடவை நகம் லேசாகத் தட்டியது. டயலில் 0.04. அதாவது கட்டர் இப்போது மையத்திலிருந்து 0.02 தள்ளி நிற்கிறது. அங்கிருந்த இன்ஜினியர் மறைக்கவில்லை. ஒய் ஆஃப்செட்டில் 0.02 போட்டார், மூன்றாவது தடவை படி போய்விட்டது.

#17 பழைய_டர்னர்

அந்தக் கடைசி வரிதான் முக்கியம் தம்பி. ஒய் இல்லாத மெஷினில் இதே 0.02-ஐ ஆஃப்செட்டில் எடுக்க முடியாது. ஹோல்டரையோ டரட்டையோ தளர்த்தித் தட்டி உட்கார வைக்க வேண்டும். மெஷின் ஆறினால் திரும்ப மாறும்.

சூடேறுவது எல்லா மெஷினிலும் உண்டு. 300 மி.மீ. ஸ்டீல் 5 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 17 மைக்ரான் நீளும். காலையில் முதல் பீஸ் போடும் முன் இருபது நிமிடம் ஸ்பிண்டிலையும் லைவ் டூலையும் அச்சுகளையும் ஓடவிடு. டீ குடித்துவிட்டு வருகிற நேரம்தான்.

#18 சர்வீஸ்_கை

0.02 என்பது சின்ன மெஷினுக்கு நல்ல எண். உங்கள் சொந்தக் கீவே பீஸைப் போட்டீர்களா?

#19 பட்டறைப்பையன்

போட்டோம் சார். 35 மி.மீ. ஷாஃப்ட், 10 என்9. ஐந்து பீஸ். அகலம் 9.978-இலிருந்து 9.986-க்குள் வந்தது. அளவு சரி. ஆனால் ஃபினிஷ் ஓட்டத்தில் சி அச்சுக்கு முழு பிரேக் போடாதபோது சுவரில் மெல்லிய அலை தெரிந்தது. பிரேக் போட்டதும் போய்விட்டது.

இடத்தையும் அளந்தேன். மெஷினின் அளவு கேட்லாக்கில் சொன்னபடிதான். ஆனால் சிப் கன்வேயர் வலது பக்கம் நீட்டுகிறது, பின்னால் எலெக்ட்ரிக்கல் பெட்டிக் கதவு திறக்க ஆள் நிற்கிற இடம் வேண்டும், பார் ஃபீடர் இடது பக்கம். 3 மீட்டர் பார் போகிற ஃபீடர் வைத்தால் என் கதவே திறக்காது. பாரை அறுத்துப் போடுகிற குட்டை ஃபீடர்தான் வைக்க முடியும்.

#20 இரட்டைச்சுழல்

20 பீஸ் லாட்டுக்குக் குட்டை ஃபீடரே நல்லது. அளவு மாற்ற நிமிடம்தான் ஆகும். ஸ்பிண்டில் உள்விட்டத்துக்கு லைனர் (துளையைச் சிறிதாக்குகிற உள்குழாய்) சேர்த்துக் கேளுங்கள். 51 மி.மீ. துளையில் 16 மி.மீ. பாரைச் சும்மா சுற்றவிட்டால் அது உள்ளே சாட்டை மாதிரி அடிக்கும், ஃபினிஷ் எல்லாம் கெட்டுவிடும்.

#21 பட்டறைப்பையன்

இரண்டாவது மெஷினையே எடுக்கிறேன். ஜி12.1, ஜி07.1, ரிஜிட் டேப்பிங் மூன்றும் கொட்டேஷனில் எழுதி வாங்கிவிட்டேன். பாலிகன் வேண்டாம் என்று விட்டேன், என் 84-இல் ஹெக்ஸ் மூன்றுதான். போஸ்ட் ஓடி என் கீவே பீஸ் வந்த பிறகுதான் கடைசித் தவணை என்று பேசியிருக்கிறேன், ஒத்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. லைவ் ஹோல்டர் எத்தனை வாங்குவது? ஒவ்வொன்றும் கனமான விலை.

#22 சர்வீஸ்_கை

ரேடியல் இரண்டு, ஆக்ஸியல் (அச்சுக்கு நேராகப் பிடிப்பது) இரண்டு. ஒரு ரேடியலில் ட்ரில், இன்னொன்றில் கீவே கட்டர் நிரந்தரமாக இருக்கட்டும். ஆக்ஸியலிலும் அப்படியே. நாலும் ஒரே காலெட் அளவு, ஈ.ஆர். 25. ஒரே காலெட் பெட்டி போதும், கலப்படம் வராது. ஐந்தாவது வேண்டும் என்று ஆறு மாதத்தில் உங்கள் வேலையே சொல்லும்.

உள்ளே கூலண்ட் போகிற ஹோல்டர் வாங்கினால், கூலண்ட் இல்லாமல் அதைச் சுற்றவிடக் கூடாது, சீல் எரிந்துவிடும். கூலண்ட் வடிகட்டியும் நன்றாக இருக்க வேண்டும். என்னிடம் பழுதுக்கு வருகிற ஹோல்டர்களில் பெரும்பாலும் சீல் போய், பேரிங்குக்குள் கூலண்ட் இறங்கி, கிரீஸ் பால் போல வெளுத்திருக்கும்.

புது ஹோல்டரை மாட்டியதும் முழு வேகத்தில் விடாதீர்கள். குறைந்த சுற்றில் ஆரம்பித்து, படிப்படியாக ஏற்றி, நடுநடுவே நிறுத்தி, உடலைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு வந்தால் ஆறவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

#23 பட்டறைப்பையன்

நாலு ஈ.ஆர். 25 ஆர்டரில் சேர்த்துவிட்டேன். மெஷின் வந்ததும் அந்த 180 டிகிரி காடிச் சோதனையைக் காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் போட்டு, எண்களை இங்கேயே எழுதுகிறேன்.